அண்ணாவுக்கு, சுள்ளி பற்றி

அண்ணா,

இன்று ஜூலை 14. ஆறு வருஷம் ஆகிவிட்டது. மற்றது உனக்குத் தெரியும்.

நேரே உனக்கு எழுதியிருக்க வேண்டும். உன் பெர்த் முகவரி அம்மாவிடம் இருக்கிறது. கேட்டால் தருவாள். கூடவே, "ஏன்டி இப்ப?" என்று கேட்பாள், அதற்குப் பதில் சொல்லப் போனால் போனிலேயே அழுதுவிடுவேன். நான் இங்கே எழுதுவதை நீ விடாமல் படிக்கிறாய் என்று மட்டும் போன மாதம் சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். அத்தை படிப்பாள், பெரியப்பா வீட்டில் படிப்பார்கள், என்னோடு மலைக்கு வருகிற இரண்டு மூன்று பேரும் படிப்பார்கள். ஆகவே அந்த ஹட்டின், மலையில் நடப்பவர்கள் ராத்திரி தங்கும் அந்தச் சின்ன வீட்டின், பெயரை எழுதப் போவதில்லை. அதற்கடுத்த வாரம் நடந்ததையும் டாக்டர் உன்னிடம் சொன்னதையும் எழுதப் போவதில்லை. அது உன் உடம்பு, உன் விஷயம்.

அடுத்த மாதம் படங்களைச் சுவரில் மாட்டுகிறேன். இங்கே நியூசிலாந்தில், ஓட்டாக்கி என்ற ஊரில் ஒரு சின்ன ஹால். மொத்தம் 31 ஹட். வாசலில் வைக்க அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்: நீங்கள் யார், ஏன் ஹட்டுகள், யாரோடு நடந்தீர்கள். முதல் இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்தேன். மூன்றாவதில் மூன்று வாரமாக நிற்கிறேன்.

ஏன் ஹட்டுகள் என்பதற்கு நான் எழுதிய எல்லாமே நீ சொன்னதுதான். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் கோபுரமும் மண்டபமும் வரைந்து பழகியவளுக்கு, தகரம் அடித்த ஒரு பெட்டியில் வரைய என்ன இருக்கிறது என்று அன்று புரியவில்லை. நீ என்னை முதலில் கூட்டிப்போனது ஃபீல்ட் ஹட்டுக்கு. 1924-ல் ஜோ கிப்ஸ் அங்கேயே மரத்தை வெட்டி, குழிமேல் போட்டு ரம்பத்தால் அறுத்துக் கட்டியது. பலகையில் ரம்பப் பல் விட்டுப்போன கோடுகளை விரலால் தடவிக் காட்டி, "இத வரை" என்றாய். மறுநாள் மேலே, மரமெல்லாம் முடிந்து புல் தொடங்கிய பிறகு, கைம் ஹட். 1922-ல் அந்த மலையில் குளிரில் சிக்கி இறந்த எஸ்மண்ட் கைமின் பெயர். முதல் ஹட்டை 1930-ல் கட்டினார்கள், இப்போது நிற்பது மூன்றாவது. "குளிர்ல செத்தவன் பேர்ல வீடு கட்டியிருக்காங்க பாரு, அடுத்தவன் சாகக் கூடாதுன்னு" என்றாய். அந்த வாக்கியம் எனக்குள் அப்படியே இருக்கிறது. பிற்பாடு ஒரு நாள் அதே வாக்கியத்தை எடுத்து என்னைக் குத்தினாய், அதுவும் இருக்கிறது.

எனக்கு வனத்துறை கட்டிய ஆரஞ்சு ஹட்டுகள் பிடிக்க ஆரம்பித்ததும் உன்னால்தான். மான்கள் பெருகிக் காட்டைத் தின்று தீர்த்ததும், 1956-ல் வேட்டைக்காரர்களை அனுப்பும் வேலை வனத்துறையின் கைக்கு வந்ததும், அவர்கள் தங்குவதற்காகவே ஒரே வரைபடத்தை வைத்து மலை மலையாக ஹட் கட்டியதும், பலகையையும் தகரத்தையும் விமானத்திலிருந்து போட்டதும் நடந்துகொண்டே கதையாகச் சொல்வாய். இன்று இந்த நாட்டில் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கையில் 950-க்கு மேல் ஹட்டுகள். ஒரே அச்சில் வார்த்தவற்றை வரிசையாக வரைந்தால்தான் ஒவ்வொன்றின் முகமும் தெரிகிறது. ஒன்றில் தண்ணீர்த் தொட்டி நிமிர்ந்திருக்கும், அடுத்ததில் அது பாசி பிடித்துச் சாய்ந்திருக்கும். ஒன்றின் புகைபோக்கியைக் காற்று வளைத்திருக்கும். நெளித்தகரத்தின் எல்லாக் கோட்டையும் போட்டால் தகரம் செத்துவிடும், நிழல் விழும் இடத்தில் மட்டும் போட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு ஹட் ஆயிற்று. அந்த ஏழிலும் நீ வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தாய்.

நீ காத்திருந்ததை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் நீ காத்திருந்ததை ஊர் முழுக்கச் சொன்னாயே, அண்ணா. "அவ எண்ணிக்கிட்டிருந்தா" என்று அம்மாவிடம் சொன்னாய். அம்மா சித்தியிடம் சொன்னாள். அப்பாவின் வருஷாப்திக்கு வந்தபோது, கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒருத்தி என்னைப் பார்த்து, "படம்னா உனக்கு அண்ணனவிட ஒசத்தியாமே" என்றாள். நீ பக்கத்தில் நின்றாய், வாயைத் திறக்கவில்லை. இலையில் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

எண்ணினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், முதலிலிருந்தே சொல்கிறேன்.

அன்று காலை முந்தின ஹட்டிலிருந்து எட்டரைக்குக் கிளம்புவதாக இருந்தது. நீ பையைக் கட்டி, பூட்ஸ் மாட்டி, தயாராக இருந்தாய். நான் பின்பக்கச் சுவரை வரைந்துகொண்டிருந்தேன். "பத்து நிமிஷம்" என்று மூன்று தடவை சொன்னேன். கிளம்பும்போது பதினொன்றே முக்கால். மழை பத்து மணிக்கே பிடித்துவிட்டது. அதோடு தெற்குக் காற்று. தெற்கிலிருந்து வருவதற்குத் தென்றல் என்று பெயர் வைத்த மொழியில், தாராருவா மலையில் ஜூலை மாதத்தில் அந்தத் திசையிலிருந்து வருவதைச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

காலையில் போயிருந்தால் கணுக்கால் நனைந்திருக்கும். நாம் போனபோது அந்த ஓடை தொடைக்கு மேல் பழுப்பாக ஓடியது. "ஏறுன ஆத்துல எறங்கக் கூடாது, எறங்குற வரைக்கும் உக்காந்திருக்கணும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. அன்று நீயே இறங்கினாய். ஹட் அக்கரையில் தெரிந்தது, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், உட்கார்ந்திருந்தால் நான் விறைத்துப்போவேன் என்று பயந்தாய். உன் பையோடு ஒரு தடவை போனாய். திரும்பி வந்தாய். என் பையை முதுகில் போட்டு, நோட்டு இருந்த உறையை மட்டும் தலைமேல் பிடித்துக்கொண்டு மறுபடி போனாய். திரும்பி வந்தாய். பிறகு என் கையைக் கோத்துக்கொண்டு என்னோடு. நான் ஒரு முறை நனைந்தேன், நீ ஐந்து முறை. நோட்டு நனையவே இல்லை.

உள்ளே விறகு இருந்தது, தொடை தடிமனில், ஈரமாக. சுள்ளி ஒன்றுகூட இல்லை. கோடாரிக்குப் பிடி இல்லை. அடுத்து வருகிறவனுக்குக் காய்ந்த சுள்ளி வைத்துவிட்டுப் போவது ஹட்டின் முதல் மரியாதை, நமக்கு முன்னால் தங்கியவர்கள் அதைச் செய்யவில்லை. இன்றைக்கும் எனக்கு அவர்கள்மேல் கோபம் இருக்கிறது. நீ கேஸ் அடுப்பைத் திறந்தாய். நீலமாக ஒரு பொட்டு வந்தது, அணைந்தது. சிலிண்டரைக் குலுக்கிப் பார்த்தாய். "பழசத் தூக்கிட்டு வந்துட்டேன் போல" என்றாய். நான் "ஆமா" என்றேன்.

உன் சட்டையைக் கழற்றி ஸ்லீப்பிங் பேக்கில் திணித்தேன். என்னுடையதையும் மேலே போட்டேன். நீ உதறிய உதறலில் பங்க் கட்டிலின் பலகை சுவரில் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சரியாகவில்லை என்பதற்குத்தான் அது அடையாளம் என்று இப்போது தெரியும். பாட்டியின் பெயரைச் சொல்லி, "பன்னாடை எங்க வச்சிருக்க, பரண்ல இருக்கா?" என்று கேட்டாய். கொல்லைப்பக்க அடுப்பு. நீ அங்கே போய்விட்டாய், நான் இங்கே லைட்டரும் ஒரு மெழுகுவர்த்தித் துண்டும் வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "பேப்பர் குடு" என்றாய். டாய்லெட் பேப்பர் களியாகியிருந்தது. நான் அலமாரியிலிருந்து ஹட் புத்தகத்தை எடுத்தேன்.

"அது வேணாம்டி. அதுல எல்லார் பேரும் இருக்கு. நாளைக்கு எவனையாவது தேடணும்னா அதத்தான் பாப்பாங்க." நாக்கு குழறியது, ஆனாலும் முழுசாகச் சொன்னாய்.

அப்போதுதான் என் நோட்டைத் திறந்தேன். வெற்றுத்தாள் ஒன்றும் பாக்கி இல்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். எது போனால் தாங்கும், எது போனால் தாங்காது. எவ்வளவு நேரம் என்று நீ யாரிடமோ இரண்டு நிமிஷம் என்றாயாம். இருக்கலாம். அது கெட்டித் தாள், பருத்தி, பசை பூசியது, எளிதில் பற்றாது, வீணாகப் போய்விடுமே என்றுதான் யோசித்தேன் என இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பற்றியது. கிழித்து விரலளவு சுருட்டி வைத்ததும் பற்றியது.

முதலில் கிழித்தது உன் முகம். முந்தின ராத்திரி ஹெட் டார்ச் வெளிச்சத்தில் நீ தூங்கும்போது வரைந்தது. நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மாவிடம் எண்ணியதைச் சொன்ன நீ, இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. எனக்கு முகம் சரியாக வராது, அண்ணா. அந்தப் படத்தில் உன் தாடை நன்றாக அமையவில்லை. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. நீ எதிரில் உயிரோடு இருக்கிறாய், உன்னை நூறு தடவை வரையலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நீ எனக்கு உட்காரவில்லை.

இனி, உனக்குத் தெரியாத ஒன்று. சிலிண்டர் பழையது இல்லை. புதிதுதான், நீ வாங்கியதுதான், சரியாகத்தான் எடுத்து வந்தாய். அந்த ஈரத்தில் வர்ணம் காயவே காயாது. ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்ததைப் போட முடியும். முந்தின இரண்டு ராத்திரியும் நீ தூங்கிய பிறகு அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, தாளை மேலே காட்டிக் காயவைத்தேன். மணிக்கணக்கில். அன்று காலை தூக்கிப் பார்த்தபோதே லேசாகத்தான் இருந்தது. மறுநாள் நாம் வெளியே வந்துவிடுவோம், ஒரு டீக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். நீ "பழசத் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றபோது நான் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் ஆஸ்பத்திரியில், "என் கவனக்குறைவு" என்று நீ அண்ணியிடம் சொன்னபோதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆறு வருஷம் அந்தப் பழியை நீ சுமக்கவிட்டேன். மன்னித்துவிடு.

இதைச் சொல்லாமலேயே உன்மேல் நான் கோபமாக இருந்தேன். எண்ணினாள் என்று நீ சொன்னது நியாயமில்லை என்று இருந்தேன். இரண்டும் ஒரே மனசில் எப்படி இருந்தன என்று கேட்காதே, இருந்தன. இப்போதும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. சித்தியிடம் போகாமல் என்னிடம் வந்து திட்டியிருக்கலாம் நீ.

ஜூன் கடைசியில் அங்கே போனேன். தனியாக. ஓடை கணுக்கால் அளவுதான் இருந்தது, அதைத் தாண்ட அரை மணி நேரம் நின்றேன். கோடாரிக்குப் புதுப் பிடி போட்டிருக்கிறார்கள். பங்க்குகளுக்குப் புது மெத்தை. ஹட் புத்தகத்தில் 2019-ஐத் தேடினேன், அது நிரம்பி எடுத்துப்போய்விட்டார்கள் போல, இப்போதிருப்பது 2022-ல் தொடங்குகிறது. நீ அன்று உதறும் கையோடு எழுதிய நம் இரண்டு பெயரும் அங்கே இல்லை. சுள்ளி இருந்தது. யாரோ கட்டி அடுப்புக்கு அடியில் வைத்திருந்தார்கள். அதைத் தொடவில்லை. என் பென்சில் சீவும் கத்தியை எடுத்து ஒரு விறகுத் துண்டைச் சீவினேன். மெல்லிசாகச் சுருண்டு சுருண்டு விழுந்தது, ஈரம் மேல்தோலோடு போய் உள்ளே காய்ந்திருந்தது. ஒரே தீக்குச்சியில் பிடித்தது. அன்றும் இந்தக் கத்தி என் சட்டைப் பையில்தான் இருந்தது, அண்ணா. தினமும் பென்சில் சீவுகிற கத்தி.

மறுநாள் அதை வரைந்தேன். அதுதான் 31-வது. கேஸ் அடுப்பில் காட்டவில்லை, காய்கிற வரை உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது இரண்டு கட்டு சுள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

வாசல் குறிப்பில், 'முதல் 19 ஹட்டுகளுக்கு என் அண்ணாவோடு நடந்தேன்' என்று எழுதலாமா? உன் பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் அந்த வரியே வேண்டாம். 6-ம் தேதிக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் ஒரு வார்த்தை சொல். அம்மா மூலமாக வேண்டாம், நீயே சொல். உன் பழைய கம்பளித் தொப்பி என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன். முகவரி அனுப்பினால் தபாலில் போடுகிறேன்.

உன் தங்கை