மூணு நோட்டீஸ், ஒரே தப்பு

ரங்கூன்
ஞாயிறு இரவு, கரண்டு இருக்கும்போதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. மழை விட்டால் சரியாகிவிடும் என்கிறாள். வருஷா வருஷம் இதையேதான் சொல்கிறாள்.

உன் கார்டிலிருந்து போன பணத்துக்காக அன்றைக்கு ஒரு தடவை கத்தினாய். அப்புறம் வாயே திறக்கவில்லை. திட்டிக்கொண்டே இருந்தால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பூர்வீக ஊருக்கு ஒரு நடை போய் வரலாம் என்று இந்திய விசாவுக்குப் போனில் தேடினேன். முதலில் வந்த மூன்றும் அரசாங்கப் பக்கம் மாதிரியே இருந்தன. மூவர்ணம், சிங்கம், தாஜ்மகால் எல்லாம் இருந்தது. விவரம் நிரப்பினேன், உன் கார்டு நம்பரைப் போட்டேன், 80 டாலர் போயிற்று. விசா வரவில்லை. அசல் பக்கத்தின் பெயர் 'ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடியும். நான் போனது 'டாட் காம்'. அது போகட்டும், மேலே ஓரத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று அவர்களே போட்டிருந்தார்கள். அச்சுக் கோர்க்கிற ஈய எழுத்தைத் தலைகீழாகவே வாசித்துப் பழகியவன் நான். 8 பாயின்ட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண் பிடித்துவிடும். அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டேனே என்பதுதான் எனக்கு ரோஷம், பணம்கூட அப்புறம்தான்.

உன் தம்பி ஒன்று சொன்னான். கூகுளை உண்டாக்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் எழுதிய கட்டுரையிலேயே, விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி விளம்பரம் கொடுக்கிறவன் பக்கம்தான் சாயும் என்று எழுதியிருக்கிறார்களாம். எழுதினவர்களே பிறகு அந்தக் காசில்தான் பெரிய ஆளானார்கள். நம் அச்சாபீஸிலும் அதே கதைதான். கோயில் நோட்டீஸில் உபயதாரர் பெயர் சாமி பெயரைவிடப் பெரிய எழுத்தில் வரும்.

சரி, என் குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது. இப்போது உன் கணக்குக்கு வருகிறேன்.

பேத்தியின் பள்ளிக்கூட வேலைக்காக 'பர்மா தமிழர் வரலாறு' என்று தேடி நீ அனுப்பிய பக்கத்தை, ப்ரூஃப் பார்க்கிற மாதிரி வரி வரியாகப் பார்த்தேன். தமிழ் வழவழவென்று இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. அதுவே எனக்குச் சந்தேகம். மேலே ஒரு கோபுரப் படம் போட்டு 'ரங்கூன் காளி கோயில்' என்று எழுதியிருக்கிறான். நன்றாகப் பார் பாப்பா. நீ வெள்ளிக்கிழமை தவறாமல் போய்க் கும்பிடுகிறாயே, உங்கள் சிங்கப்பூர்ச் சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மன், அந்தக் கோபுரம்தான் அது! நம் காளி கோயில் அனோரதா ரோட்டில் இருக்கிறது. அந்தத் தெருவில் கைபிடித்து நடந்துதானே வளர்ந்தாய்? இங்கே பிறந்த நீ, அங்கே வாரா வாரம் பார்க்கிற கோபுரத்தையே அதுவென்று நம்பிவிட்டாய். தலைப்பு சொன்னதைக் கண் கேட்டுக்கொண்டது.

அடுத்தது, நம் ஆட்களைக் 'கங்காணிகள்' கூட்டிவந்து 'ரப்பர்த் தோட்டங்களில்' வேலைக்கு வைத்தார்கள் என்கிறான். கங்காணி மலாயாவுக்கும் சிலோனுக்கும் உள்ள சொல். பர்மாவில் மேஸ்திரி. முன்பணம் கொடுத்து ஊரில் ஆள் சேர்த்துக் கப்பலில் ஏற்றி வந்தவர் மேஸ்திரி; அந்தக் கடன் தீர்கிறவரை ஆள் அவர் கையில். இறக்கிவிட்ட இடமும் பெரும்பாலும் நெல் சம்பந்தப்பட்டதுதான். அறுப்பு, அரிசி மில், துறைமுகத்தில் மூட்டை. தெற்கே மோல்மேன் பக்கம் ரப்பர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரப்பரை முன்னால் வைத்து நெல்லை ஒரு வரியில்கூடச் சொல்லாத பர்மாக் கதை எங்கேயாவது உண்டா? மலாயாத் தமிழர் கதையை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். இல்லை, ஏதோ ஒரு எந்திரம் மாற்றியிருக்கிறது. 1947 வரை பர்மா இந்தியாவோடு இருந்தது என்று வேறு எழுதியிருக்கிறது. பிரிந்தது 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி. சுதந்திரம் 1948 ஜனவரி 4.

'இன்னும் நாலு இடத்தில் இதே மாதிரிதான் இருக்கிறதுப்பா, எல்லாருமா தப்பாக எழுதுவார்கள்?' என்று நீ கேட்டாய். அந்த நாலையும் பார்த்தேன். நாலிலும் கங்காணி, நாலிலும் 1947, இரண்டில் அதே கோபுரம்.

உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. ஒரு வருஷம் தீமிதி நோட்டீஸ் நம் அச்சாபீஸில் ஆயிற்று. கிழமை ஞாயிறு என்று சரியாகக் கோர்த்தவன், தேதியைச் சனிக்கிழமைத் தேதியாகக் கோர்த்துவிட்டேன். ப்ரூஃப் பார்த்ததும் நான்தான், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒட்டிய மூன்றாம் நாள் ஒரு பெரியவர் காலண்டரும் கையுமாக வந்து, தேதி இடிக்கிறதே என்றார். கோயில் கமிட்டிக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? 'தண்ணீர்ப் பந்தல்காரர் நோட்டீஸிலும் அதே தேதிதான், அன்னதான நோட்டீஸிலும் அதே தேதிதான். மூணு நோட்டீஸும் தப்பாகவா இருக்கும்?' மற்ற இரண்டையும் வேறு வேறு அச்சாபீஸில் அடித்திருந்தார்கள். எதைப் பார்த்து? எங்கள் நோட்டீஸைப் பார்த்து. அந்த மூன்று தப்புக்கும் தகப்பன் நான் ஒருத்தன்தான். அன்றைக்கு அங்கேயே நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ராத்திரி போய்ச் சொன்னேன்.

உ.வே. சாமிநாதையர் 1887-ல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது ஊர் ஊராக ஏடு தேடிச் சேர்த்து ஒப்பிட்டாரே, அந்த ஏட்டு வேலையில் ஒரு வழக்கு உண்டு. இரண்டு ஏட்டில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் மூலம் ஒன்று. ஏடு இரண்டானாலும் சாட்சி ஒன்றுதான். நீ பார்த்த ஐந்து பக்கமும் எனக்கு ஒரு சாட்சிதான். நீ போனில் கேட்டாயே, ஏஐ, அதுவும் இவர்களைப் படித்துத்தான் உனக்குப் பதில் சொன்னது. 2024 மே மாதம் பீட்சாவில் சீஸ் ஒட்டுவதற்குப் பசை சேர்க்கச் சொன்னதே கூகுளின் ஏஐ, எவனோ வருஷக்கணக்கில் முன்பு வேடிக்கைக்கு எழுதியதை எடுத்து. சொல்கிற தோரணையில் மட்டும் அதற்குக் குறையே இல்லை.

அதனால் ஒரு பக்கத்தைப் பார்த்தால் உனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை அது எப்படிச் சொல்கிறது என்று முதலில் பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு. கோபுரத்தில் வேகாதவன் வரலாற்றில் வெந்திருப்பானா? படத்தை அழுத்திப் பிடித்தால் வேறு எங்கெல்லாம் அது வந்திருக்கிறது என்று போனே காட்டும். உன் தம்பிதான் காட்டினான்.

வரலாறு வேண்டுமென்றால் இன்றைய பெயரில் தேடாதே. 1989-ல் தான் ரங்கூனை யாங்கோன் ஆக்கினார்கள், பெகுவைப் பகோ ஆக்கினார்கள். அதற்கு முந்தின ஆங்கில, தமிழ்க் காகிதங்களில் புதுப் பெயர் பெரும்பாலும் இருக்காது. அனோரதா ரோடு வெள்ளைக்காரன் காலத்தில் பிரேசர் ஸ்ட்ரீட். செட்டியார்கள் கடை வைத்த மொகல் ஸ்ட்ரீட்தான் இன்றைய ஷ்வேபோந்தா. தன்லின் அப்போது சிரியம். எழுதினவன் எந்தச் சொல்லை எழுதியிருப்பான் என்று நினைத்துப் பார்த்து, அந்தச் சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடு. 'பர்மா தமிழர்' என்று தேடினால் ஏஜென்ட் கடை விளம்பரமும் அத்தோ நூடுல்ஸ் செய்முறையும்தான் வரும். 'மேஸ்திரி' என்று ஆங்கிலத்தில் போட்டு ரங்கூனையும் சேர்த்துத் தேடிப் பார், காற்றே மாறிவிடும்.

1937 வரை நாம் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால் அந்தக் காலத்துக் கணக்கெல்லாம் இந்தியக் கணக்கோடு கிடக்கிறது. 1931 இந்திய சென்சஸில் 11-ஆம் தொகுதி பர்மா. அப்போது ரங்கூனில் இருந்த சுமார் 4 லட்சம் பேரில் 2 லட்சத்துக்கும் மேல் இந்தியர். பேத்தி அந்த ஒரு வரியை எழுதினால் போதும், அவள் டீச்சர் நிமிர்ந்து உட்காருவார். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற இணைய நூலகத்தில் பழைய சென்சஸ் தொகுதிகள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இருக்கின்றன. பழைய தமிழ் அச்சு வேண்டுமென்றால் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள் இப்போது சென்னையில் நூலகமாக இருக்கின்றன. இவை எதுவும் தேடல் பெட்டியில் முதலில் வராது. ஓடி வந்து கூப்பிட அவற்றுக்கு விற்க ஒன்றும் இல்லையே.

'பர்மியத்தில் தேடினால் ஒன்றுமே வரவில்லை' என்றாயே, அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது அச்சுக்காரனுக்குச் சுலபமாகப் புரியும். எழுத்துக் கேஸில் எந்த அறையில் எந்த எழுத்து என்று ஒரு வரிசை உண்டு. ஒரு அச்சாபீஸ்காரன் தன் இஷ்டத்துக்கு அறைகளை மாற்றி வைத்தால், அவனுக்கு அடிக்க வரும். அடித்த தாளும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அறை எண்ணைச் சொல்லி எழுத்தை எடுத்துவா என்றால் வேறு எழுத்து வரும். இங்கே ஜோஜி எழுத்துரு அப்படித்தான். உலகம் முழுக்க ஒரே வரிசையாக வைத்திருக்கிற யூனிகோடுக்கு மாறுவது என்று 2019 அக்டோபர் 1-ஆம் தேதி வைத்தார்கள், ஆனாலும் அதற்கு முந்தின வருஷங்களில் எழுதியது பாதிக்கு மேல் ஜோஜியில் கிடக்கிறது. நீ இப்போது அடிக்கிற சொல்லும் அங்கே இருக்கிற சொல்லும் கண்ணுக்கு ஒன்று, எந்திரத்துக்கு வேறு. தமிழிலும் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்துப் பக்கங்கள் இப்படித்தான் கிறுக்கலாகக் கிடக்கின்றன. ஆக, வரவில்லை என்பதால் இல்லை என்று எழுதிவிடாதே.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. மத்தியானம் 12:50. இங்கே விளக்கு ஆடியது, அவ்வளவுதான். இடிந்ததெல்லாம் சகாயிங், மண்டலே, நேபிடோ. நீயோ அங்கே எந்த நாட்டுக் கட்டடமோ சரிகிற வீடியோவை ரங்கூன் என்று நம்பி, லைன் கிடைக்காமல் மூன்று மணி நேரம் அழுதாய். அப்புறம் ஏப்ரலில், இன்ன தேதியில் ஊரே அழியும் என்று ஒருவன் டிக்டாக்கில் சொல்ல, நம் தெருவில் பாதிப் பேர் ராத்திரி வெளியே படுத்தார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம், இதே வேலையாக இருக்கிறவர்கள், பெரிய நிலநடுக்கத்தை நாள் குறித்துச் சொல்ல எந்த விஞ்ஞானியாலும் முடிந்ததில்லை என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே ஃபேஸ்புக் 2021-லிருந்து தடையைத் தாண்டவைக்கிற விபிஎன் இல்லாமல் திறக்காது. அவ்வளவு பாடுபட்டுத் திறந்தும் முதலில் கண்ணில் படுவது சாமியாடிகள்தான். உன் அம்மாவும் வெளியேதான் படுத்தாள், பாய் எடுத்துப் போட்டது நான்.

கடைசியாக ஒன்று. பேத்திக்குக் கொடுக்க நம் வீட்டுக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று இரும்புப் பெட்டியைக் குடைந்தேன். உன் தாத்தாவின் எஃப்.ஆர்.சி. கிடைத்தது. வெளிநாட்டவர் என்று பதிந்து கொடுத்தார்களே, அந்த அட்டை. ஓரம் செல்லரித்திருக்கிறது, போட்டோ தெளிவு. பர்மாவுக்கு வந்தது 1932 என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் 1930 மே மாதம் பெகுவில் நிலம் ஆடி ஷ்வேமோடோ பகோடா சரிந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தாத்தா சாகிறவரை சொன்னார். தூசி எழும்பியது, நாய் குரைத்தது எல்லாம் சொல்வார். கிளார்க் காது மந்தமா, தாத்தா வேறு யாரோ கண்டதைத் தன்னுடையதாக்கிக்கொண்டாரா, இல்லை ஏதோ காரணத்துக்காக ஆபீஸில் இரண்டு வருஷத்தைக் குறைத்துச் சொன்னாரா, கேட்க ஆள் இல்லை. இரண்டையும் எழுதச் சொல். ஒன்று அட்டையில் இருப்பது, ஒன்று தாத்தா சொன்னது என்று பிரித்து எழுதச் சொல். அட்டையின் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். 1932-க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன், அதை அழித்துவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா