வரவு எழுதி வைத்த அண்ணாச்சிக்கு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாளாகிறது. பந்தல் பிரித்தாயிற்று. வாடகைப் பாத்திரங்கள் போய்விட்டன. சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். வீட்டில் அம்மா, தம்பி, நான். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதும் தெம்பு எனக்கு இல்லை. நன்றியை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன். "யார்கிட்ட என்ன வாங்குனோம்னு அன்னைக்கே எழுதிரணும், மறுநாள் மறந்துரும்" என்பது அப்பாவின் வழக்கமான பேச்சு.

ஐந்து மாதம் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, தலைவாரிவிட்ட நர்ஸ் அக்காக்களுக்கும், நடுராத்திரி ரத்தம் கொடுக்க ஓடிவந்த தம்பியின் கூட்டாளிகளுக்கும், எங்களை அடுப்புப் பற்றவைக்கவே விடாமல் தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், சிந்துபூந்துறை மயானம் வரை கூட நடந்தவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அப்புறம் அப்பாவின் வரி ஆலோசனை ஆபீஸ் அக்கா. சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், மாதா மாதம் 20-ஆம் தேதிக்குள், அப்பாவிடம் கணக்குக் கொடுத்திருந்த எல்லோருடைய ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் போட்டு முடித்தார். ஒரு பார்ட்டிக்குக்கூட ஒரு ரூபாய் லேட் ஃபீஸ் விழவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவு இருந்தவரை அப்பா திரும்பத் திரும்பக் கேட்டது, "இருபது ஆயிட்டா?" என்பதைத்தான். ஆமாம்ப்பா, எல்லாம் போட்டாச்சு என்று ஒவ்வொரு மாதமும் என்னால் உண்மையைச் சொல்ல முடிந்தது. அக்கா, அது உங்களால்தான்.

இனி அண்ணாச்சி.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்து டீக்கடை அண்ணாச்சி. ஞாயிறு வியாபாரத்தை விட்டுக் கடையை அடைத்துவிட்டு, மூலைக்கரைப்பட்டியில் பஸ் மாறி, பாளையங்கோட்டை வந்து, தெருப் பெயரை விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். கையில் மஞ்சப்பை. அதற்குள் பாலிதீன் கவர். கவருக்குள் நீளமான கணக்கு நோட்டு ஒன்று.

"சாரு நோட்டும்மா" என்று நீட்டினார்.

அப்பா வருமான வரி, விற்பனை வரி பார்த்தவர். ஊரே "ஆடிட்டர் சார்" என்றுதான் கூப்பிடும். ஒவ்வொரு முறையும், "ஆடிட்டர் வேற, அவங்க அதுக்குன்னு படிச்சவங்க, நான் வரி ஆலோசகர்" என்று திருத்துவார். போர்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். 1959-ஆம் வருட விற்பனை வரிச் சட்டத்தில் தொழில் பழகினார். 2007-இல் வாட் வந்தது, 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். பத்தமடையில் பாய் நெய்பவர்கள் சிலருக்கு அவர் எழுதிக் கொடுத்த கணக்குக்குக் காசு வாங்கியதே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் இருந்த ஆபீஸில் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் அப்பா பார்ட்டிகளின் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எங்கள் மொட்டை மாடிக் கொடியில் துணிக் கிளிப் போட்டுக் காய வைத்தார். "இது அவங்க காசு" என்றார், அவ்வளவுதான்.

அந்த மனுஷனுக்கு ஞாயிறு வந்தால் வீடு தங்காது. வருமான வரி ரிட்டர்ன் போடும் மாதங்களில், ஜூலை 31 வரை மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு விடியுமுன் கிளம்பிவிடுவார். மாஞ்சோலை பஸ்ஸில் ஏறிக் குதிரைவெட்டி பார்த்துவிட்டு வருவார், இல்லையென்றால் குறுக்குத்துறையில் குளித்துவிட்டு ஆற்றங்கரையோடு நடப்பார். குளத்தில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், பறவைகளை எண்ணக் கூந்தன்குளம்தான். பேப்பரை விரித்தால் முதலில் பார்ப்பது மணிமுத்தாறு அணையின் நீர்மட்டம். 118 அடியில் இன்று எத்தனை, கால்வாயில் திறந்தார்களா, குளத்துக்கு வருமா என்பதே அவர் கவலை. பறவைகள் கூடு கட்டுகிற ஊர் என்பதால் கூந்தன்குளத்துக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று தெரிந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டிலும் வெடி கிடையாது. சின்ன வயதில் அதற்காக அழுதிருக்கிறேன்.

அங்கே போனால் அண்ணாச்சி கடையில்தான் டீ. பறவைக் கணக்கு நோட்டையும் அந்தக் கடையிலேயே, கடன் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிரித்துப் பார்த்தால், பேரேடு போலவே இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, கீழே இருப்பு. வந்த பறவை வரவு, போன பறவை செலவு. அப்பாவின் சின்னச் சின்ன சாய்வெழுத்து பக்கம் பக்கமாக ஓடி, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறோடு நின்றுபோனது.

நான் மூடப் போனேன். "இன்னும் இருக்கும்மா" என்றார் அண்ணாச்சி.

அடுத்த பக்கத்தில் வேறு கையெழுத்து. பெரிய பெரிய எழுத்து, கோட்டுக்குள் நிற்காதது. "புளியில கூடு 14. வேம்புல கூழக்கடா 6. தலையில கோடு போட்ட வாத்து குளத்துல கெடக்கு, எண்ண முடியல. சார் வரல." அடுத்த ஞாயிறு, அதற்கும் அடுத்த ஞாயிறு என்று கடையில் இருந்து கண்ணுக்கு எட்டிய மரங்களை எல்லாம் எண்ணி எழுதியிருக்கிறார். அப்பா போட்ட மாதிரியே வரவு, செலவு, இருப்பு. பங்குனியில் செலவுப் பக்கம்: "வாத்து எல்லாம் கெளம்பிட்டு." சித்திரையில்: "காத்துக்கு நாரக்குஞ்சு 2 கீழ விழுந்துட்டு. ஃபாரஸ்ட் ஆள் எடுத்துட்டுப் போனாரு." வைகாசியில்: "குஞ்சு பறக்கப் பழகுது." மொத்தம் 22 ஞாயிறு. ஒவ்வொன்றின் அடியிலும் அதே இரண்டு வார்த்தை: சார் வரல.

அதற்கு அடுத்த ஞாயிறுக்குத் தேதி மட்டும் போட்டிருக்கிறது. கீழே ஒன்றும் இல்லை.

எதற்காக இவ்வளவும் எழுதினீர்கள் என்று கேட்டேன். "சாரு வந்தா கேப்பாவல்லா? எனக்குத் தெரியலையேன்னு முழிக்கக் கூடாதுல்லா, அதான்" என்றார். அம்மா உள்ளேயிருந்து வந்து அந்த நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை நாளும் வாய்விட்டு அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். அண்ணாச்சி ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அழுகைக்கு நடுவில் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டோம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அப்பா போனபின் எத்தனையோ பேர் வந்து, அவர் எங்களுக்கு அது செய்தார், இது செய்தார் என்று சொன்னார்கள். கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் அவர் திரும்பி வருவார் என்று நம்பி, வந்தால் கணக்குக் கேட்பார் என்று நம்பி, வாரம் தவறாமல் ஒருவர் காத்திருந்திருக்கிறார். நாங்களே அந்த நம்பிக்கையை மாசி மாதமே விட்டுவிட்டோம். அதை நினைக்கும்போது என்னால் உட்கார முடியவில்லை.

அண்ணாச்சி, ஆபீஸில் இன்னும் நாற்பது பேருடைய ரிட்டர்ன் பாக்கி இருக்கிறது. அக்காவும் நானும் ஜூலை 31-க்குள் முடித்துவிடுவோம். அப்பா ஒத்துக்கொண்ட வேலை ஒன்றுகூட நிற்காது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வருகிறேன். நோட்டை எடுத்து வருகிறேன். அது இருக்க வேண்டிய இடம் உங்கள் கடன் நோட்டுக்குப் பக்கத்தில்தான். தேதி மட்டும் போட்ட பக்கம் அப்படியே இருக்கட்டும், அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து எழுதுவோம். எனக்கு நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் தவிர வேறு பெயர் தெரியாது. நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள். அம்மா கேட்பாள்.