சட்டையின் உட்பக்கம்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் 57 உறுப்பினர்களுக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

நான் மனு எழுதிப் பிழைப்பவன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று முப்பத்தொரு வருடமாக எழுதுகிறேன். ‘பணிவுடன் கேட்டுக்கொள்வது’ என்று தொடங்கி ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடிப்பதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. இந்த மடலில் எங்காவது குரல் உயர்ந்தால், தொழில் தெரியாதவன் என்று எண்ண வேண்டாம்.

இலங்கையில் யாழ்ப்பாணத்தை ஒட்டியிருக்கும் செம்மணிப் புதைகுழியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலர் மேடையில் பேசியே இருக்கிறீர்கள். 1998இல் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் ஒருவர், முந்நூறு நானூறு பேரைப் புதைத்த இடம் அது என்று கொழும்பு நீதிமன்றத்திலேயே சொன்னார். மறு வருடம் தோண்டியதில் 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அத்தோடு மண்வெட்டியை வைத்துவிட்டார்கள். 2025இல் அதே பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குப் பள்ளம் வெட்டியபோது எலும்புகள் தாமாகவே வெளியே வந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அந்த ஆகஸ்ட் 5ஆம் தேதி, குழியில் கிடைத்த துணிமணிகளையும் பொருள்களையும் பரப்பி வைத்து, அடையாளம் தெரிந்தவர்கள் வந்து பார்க்கலாம் என்றார்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் அம்மாவால் போக முடியவில்லை. அவரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். கல்யாண வீடுகளில் காய் நறுக்கப் போகிறவர். அவருடைய மகன் 1996இல் யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடி ஒன்றில் இறக்கிவிடப்பட்டவன். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அங்கே சுமார் 600 பேர் காணாமல்போனதாக அம்னெஸ்டி அமைப்பு எழுதியிருந்தது. அவர்களில் ஒருவன். வயது 19.

படங்கள் வந்த அன்று இரவு என் வீட்டு முகப்பில் உட்கார்ந்து, என் பேரனின் கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு சட்டையில் நின்றுவிட்டார். மகனுடைய சட்டையில் அடையாள அட்டை விழுந்துவிடாமல் இருக்க, பையின் உட்பக்கம் இன்னொரு துண்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாராம். வெள்ளை நூல் தீர்ந்துபோய், பாதிக்கு மேல் பச்சை நூல். பேரன் படத்தைப் பெரிதாக்கினான். அது கட்டம் கட்டமாகச் சிதறியது. ‘தம்பி, இதைத் திருப்பிக் காட்ட ஏலாதா?’ என்று கேட்டார். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான் பையன். அவனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? அவர் சிரித்தார். நான் எழுந்து வளவுக்குள் போய்விட்டேன்.

அன்றிலிருந்து மூன்று மனுக்கள் எழுதினோம். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: இந்தத் தாயின் வாக்குமூலத்தை இங்கேயே பதிவு செய்யுங்கள், மரபணுச் சோதனைக்கு இரத்த மாதிரி எடுத்து, தோண்டுகிறவர்கள் கைக்குப் போகும்படி செய்யுங்கள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவது மனுவை ஓர் அலுவலகம் போன வாரம் திருப்பி அனுப்பியது. ‘இவ்வலுவலகத்திற்குத் தொடர்பற்றது’ என்று ஒரு வரி. கையெழுத்துக்கூட இல்லை, முத்திரை மட்டும். எந்த அலுவலகத்திற்குத் தொடர்புடையது என்றாவது எழுதியிருக்கலாம்.

‘நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமே’ என்பீர்கள். முகாமில் பதிவுள்ளவர் கடல் தாண்டிப் போனால் திரும்பி வர வழி இருக்கிறதா? போகும் இடத்தில்தான் என்ன வரவேற்பு? 2025 மே மாதம், இங்கிருந்து முறையாகத் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். போர்க்காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனாராம். குண்டு விழும்போது பாஸ்போர்ட் ஆபீசில் வரிசையில் நின்றிருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தைச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை அமைத்த ரோம் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை, நாமும் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் 2002 ஜூலை 1க்கு முந்தைய குற்றத்தை அந்த நீதிமன்றம் தொடாது. அக்காவின் மகனுக்கு அந்தக் கதவு இரண்டு தாழ்ப்பாள் போட்டது. திறந்திருப்பது ஒரு ஜன்னல்தான். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, பிற்காலத்து வழக்குகளுக்காகச் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி ஜெனீவாவில் நடக்கிறது. அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா எந்தப் பக்கமும் சாயாமல் ஒதுங்கிக்கொண்டது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 2007இல் கையெழுத்திட்ட நம் நாடு இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. கிரயப் பத்திரம் எழுதிப் பத்தொன்பது வருடமாகப் பதிவு செய்யாமல் வைத்திருக்கும் ஆளைப் பற்றி எங்கள் பதிவாளர் அலுவலக வாசலில் என்ன பேசுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

சாட்சி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் முக்கியம். சிரியாவின் உளவுத்துறை அதிகாரி ஒருவருக்கு 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சிறைக்கூடம் இருந்தது டமாஸ்கஸில். அங்கே அடிபட்டு, பிறகு ஜெர்மனிக்கு அகதியாக வந்தவர்கள் கூண்டில் ஏறிச் சொன்ன வார்த்தைகள்தான் அந்தத் தீர்ப்பைத் தாங்கின. நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். முப்பது நாற்பது வருடமாக அவர்களைத் தலை எண்ணி அரிசி கொடுக்கிறோம். கண்டது என்ன என்று கேட்டோமா? 2021இல் அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினோம். நல்ல பெயர். பலகைக்கும் பெயின்ட் அடித்தாயிற்று.

என் ஐயா பர்மாவில் கிட்டங்கி வைத்திருந்தவர். 1942இல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தபோது துணிமூட்டையை வழியில் போட்டுவிட்டுப் பேரேட்டை மட்டும் சுமந்து வந்தார். வட்டிக்குக் கொடுத்து நிலம் சேர்த்தது நியாயமா என்பது வேறு வழக்கு. அதில் நான் அவர் கட்சி இல்லை. ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் அப்பத்தா அந்தப் பேரேட்டை வருடம் ஒருமுறை வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டுவார். இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. போன பணத்துக்கு எண்பது வருடக் கணக்கு வைத்திருக்கும் ஊர் இது. போன பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுதித் தர ஆள் இல்லை.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். வரும் கூட்டத்தொடரில் இதை எழுப்புங்கள். முகாம்களில் இருப்பவர்களின் வாக்குமூலத்தை முறைப்படி பதிவு செய்து ஜெனீவாவுக்கு அனுப்பவும், காணாமல்போனவர்களின் உறவினர்களிடம் மரபணு மாதிரி எடுக்கவும் ஒன்றிய அரசு வழி செய்ய வேண்டும். 57 பேரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் போதும். வாசகம் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம். மறுபடியும் அதையேதான் கேட்கிறேன்: வாக்குமூலத்தைப் பதிவு செய்யுங்கள், மாதிரியை எடுங்கள்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் அக்கா கல்யாண வீட்டில் லீவு சொல்ல வேண்டும். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு துண்டுப் பச்சை நூலைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் நிறம் காட்ட வேண்டுமாம்.

தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுபவன்,
காரைக்குடி