முகக்குறிப்பும் முக எலும்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெற்றி, மூக்கு, தாடை ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டே ஒருவரின் குணத்தைக் கணித்துவிடலாம் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐரோப்பாவில் இது ஒரு காலத்தில் அறிவியலாக மதிக்கப்பட்டது என்பது உண்மைதான். அங்கேயே அது எப்படி மதிப்பிழந்தது என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சூரிச் நகரப் பாதிரியார் லாவாட்டர், 1775 முதல் 1778 வரை நான்கு பெருந்தொகுதிகளாக இக்கலையை எழுதி வெளியிட்டார். ஆளை நாற்காலியில் அசையாமல் உட்கார வைத்து, ஒருபுறம் மெழுகுவத்தியை ஏற்றி, மறுபுறம் சட்டத்தில் பொருத்திய தாளில் விழும் பக்கவாட்டு நிழலின் ஓரத்தை வரைந்துகொள்வார்கள். அதில் கண்ணும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. அந்தக் கோட்டில் உள்ள நெற்றிச் சரிவையும் மூக்கின் வளைவையும் வைத்தே ஒருவருடைய அறிவும் ஒழுக்கமும் அளக்கப்பட்டன.

இதை அப்போதே எதிர்த்தவர் கோட்டிங்கன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் லிச்டன்பெர்க். அவர் முதுகு கூனியவர். உடலமைப்பைக் கொண்டு உள்ளத்தை எடைபோடுவதில் உள்ள அநீதியை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திராது. தோன்றி மறையும் முகக்குறிப்பைப் படிக்கலாம், மாறாத எலும்பைப் படிக்க முடியாது என்பது அவர் வாதம். இக்கலை நிலைபெற்றுவிட்டால், தூக்குக்குரிய குற்றத்தைச் செய்யும் முன்பே குழந்தைகளைத் தூக்கிலிட்டுவிடுவார்கள் என்றும் அவர் குறித்து வைத்தார். கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கும் ‘கடுத்தது காட்டும் முகம்’ என்ற குறளும் (706) ‘குறிப்பறிதல்’ அதிகாரத்தில்தான் இருக்கிறது. நெஞ்சில் மிகுந்து நிற்கும் உணர்வை முகம் காட்டும் என்கிறதே தவிர, மூக்கின் நீளத்தைப் பற்றி அக்குறள் பேசவில்லை.

மூக்கு என்றதும் டார்வின் நினைவுக்கு வருகிறார். 1831இல், டார்வின் பயணம் செய்யவிருந்த பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய், லாவாட்டரிடம் மிகுந்த பற்றுடையவர் ஆதலால், இப்படிப்பட்ட மூக்குடையவருக்குக் கடற்பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று தயங்கியதை டார்வினே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நல்லவேளையாக அந்தத் தயக்கம் நீடிக்கவில்லை. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அந்த மூக்கு அக்கப்பலின் பயணத்தில் உடனிருந்தது.

பெருத்த தாடையும் துருத்திய காதும் பிறவிக் குற்றவாளியின் அடையாளங்கள் என்று 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ எழுதியதையும் கட்டுரை பாராட்டுகிறது. இங்கிலாந்துச் சிறை மருத்துவர் கோரிங் ஏறக்குறைய 3,000 கைதிகளை அளந்து, அவ்வளவுகளைப் படைவீரர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோருடையவற்றோடு ஒப்பிட்டு, லொம்ப்ரோசோ சொன்ன குற்றவாளி வகை என்று ஒன்று இல்லவே இல்லை என்று 1913இல் வெளியிட்டதை ஏனோ விட்டுவிட்டது.

நானும் இதில் குற்றமற்றவன் அல்லன். வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனபோது, ‘திருட்டு முழி’ என்று ஒரு மாணவனை மதியம்வரை நிற்க வைத்தேன். பேனா என் மேசையின் இழுப்பறையில் கிடந்தது.

இத்தகைய கட்டுரைகளை வெளியிட விரும்பினால், இராசிபலன் வரும் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.