மூங்கிலில் எதற்குப் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு விடியற்காலை நண்பர்கள் ஆறு பேர் கேமராவோடு பெங்களூரு லால்பாக் போனோம். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம். 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, 300 கோடி ஆண்டுப் பாறை, எல்லாம் எடுத்தாயிற்று. மூங்கில் புதருக்குக் குளோசப் வைத்தபோதுதான் கை நின்றுவிட்டது. சாவியால் கீறிய இதயம், குறுக்கே அம்பு, பக்கத்தில் இரண்டு பெயர்கள், அதுவும் தமிழில்! வெட்கமாகப் போயிற்று. மரம்போல மூங்கில் தண்டு பருக்காது, பட்டையும் கிடையாது, கீறியது கீறியதுதான். புதருக்கு ஒரு சின்ன வேலியும், கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பலகையும் வைத்தால் புண்ணியமாக இருக்கும். ஜோடியாக நிற்க ஆசையென்றால் கூப்பிடுங்கள், படம் நாங்களே எடுத்துத் தருகிறோம். இலவசமாக.

- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு