தலைமுறைச் சண்டை என்று கிளிப் போட்டுக் காட்டும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களில் குழுப் பயிற்சி நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். ரியாலிட்டி நிகழ்ச்சியிலிருந்து ஒரு துண்டை ஓட்டிவிட்டு, "இளசுகளுக்குப் பொறுப்பில்லை, பெரியவர்கள் வளைந்து கொடுப்பதில்லை" என்று வகுப்பைத் தொடங்குகிறீர்கள். டாஸ்க் எழுதுவதும் எடிட் பண்ணுவதும் எங்கள் தொழில். அந்தத் துண்டில் நீங்கள் தலைமுறை என்று காட்டுவதில் பெரும்பகுதி ஆட்ட விதியின் வேலை.

இதற்காகவே எடுத்தது போன்ற ஒரு சீசன் இருக்கிறது. போட்டியாளர்களே வாக்குப் போட்டு ஒருவரையொருவர் வெளியேற்றும் அமெரிக்க 'சர்வைவர்' நிகழ்ச்சியின் 33ஆவது சீசன், ஃபிஜித் தீவுகளில் எடுத்து 2016இல் ஒளிபரப்பானது. பெயரே 'மில்லினியல்ஸ் வெர்சஸ் ஜென் எக்ஸ்', அதாவது இளைய தலைமுறைக்கு எதிராக அதற்கு முந்தைய தலைமுறை. 20 பேரை வயதைப் பார்த்து இரண்டு அணியாகப் பிரித்தார்கள்: 18 முதல் 31 வரை ஒன்று, 33 முதல் 52 வரை மற்றொன்று. முதல் நாளே மூத்தவர்கள் குடிசை கட்ட இறங்கினார்கள். இளையவர்கள் பழகிப் பேசுவதிலேயே பொழுதைக் கழித்தார்கள். இதோடு நிறுத்தினால் உங்கள் வகுப்புக்குத் தோதான கதைதான்.

ஆனால் அணிகளைக் கலைத்து மறுபடி பிரித்து, பிறகு ஒன்றாகச் சேர்த்த பின் என்ன ஆனது என்று பாருங்கள். 10 பேர் மிஞ்சியிருந்தபோது வாக்கு 5-5 என்று சமமாக விழுந்தது. ஒரு பக்கம் மூத்த அணியிலிருந்து வந்த மூவர், இளைய அணியின் இருவர். எதிர்ப்பக்கம் இளையவர் மூவர், மூத்தவர் இருவர். பையில் கைவிட்டுக் கல் எடுத்துத்தான் ஒருவரை வெளியேற்ற வேண்டியிருந்தது. வயதுக் கோடு அதற்குள் அழிந்துவிட்டது, ஏனென்றால் பரிசு ஒருவருக்கு மட்டும்தான். அதற்கு எவர் உதவுவாரோ அவரோடு சேர்ந்தார்கள். கடைசி மூவரில் ஒருவரான கென், மூத்த அணிக்காரர், வயது 33. 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லினியல் என்று ப்யூ ஆய்வு மையம் வகுத்த கணக்கில் அவரும் மில்லினியல்தான்!

நம் 'பிக்பாஸ்' வீட்டிலும் இதே முடிச்சு. கூடுதல் உணவுப் பொருளுக்கான லக்சுரி பட்ஜெட்டை எல்லோரும் சேர்ந்து சம்பாதிக்க வேண்டும். வெளியேற்றத்துக்குப் பெயர் கொடுக்கும் நாமினேஷனோ தனித்தனி ஆளுக்கு. சமையல், பாத்திரம், பாத்ரூம் என்று வேலையைப் பிரித்துக்கொடுத்துவிட்டு, அவரவர் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னால் சிங்க்கடியில் சண்டை வராமல் என்ன செய்யும்? 25 வயதுக்காரர் கழுவாமல் போட்ட குக்கரும் 50 வயதுக்காரரின் முகச்சுளிப்பும் அடுத்தடுத்து வரும்போது நமக்குத் தலைமுறை தெரிகிறது. எடிட் மேசையில் அந்தச் சுளிப்பை வேறொரு நேரத்திலிருந்து எடுத்து ஒட்டுவது ஒரு நிமிட வேலை. கிளிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு ஷாட்டிலும் உடை, வெளிச்சம், தலைமுடி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். குரல் ஓடும்போது பேசுகிறவர் வாய் தெரியவில்லை என்றால், அந்த வாக்கியம் இரண்டு மூன்று பேச்சிலிருந்து கோத்ததாக இருக்கலாம்.

வயது வித்தியாசமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 20 வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்தவர் வேலையின் நடுவில் இரண்டு படியைத் தாண்டிப் போவார், புதிதாய் வந்தவர் "ஏன்?" என்று கேட்பார். அது பிறந்த வருடத்தால் அல்ல, சர்வீஸால். இதை வகுப்பிலேயே பிரித்துப் பார்க்கலாம்.

12 பேரை ஆறு ஆறாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் 30க்குள் இருவர், 30 முதல் 45 வரை இருவர், அதற்கு மேல் இருவர். வேலை ஒன்றே: வாடிக்கையாளர் புகார் ஒன்றுக்கு 20 நிமிடத்தில் பதில் தயாரிப்பது. புகாரின் விவரங்களை ஆறு சீட்டில் பிரித்து ஆளுக்கொன்று கொடுங்கள். ஆறும் சேராமல் சரியான பதில் வரக் கூடாது. முதல் குழுவிடம் "சிறப்பாகச் செய்த ஒருவருக்குப் பரிசு" என்றும், அடுத்த குழுவிடம் "பதில் சரியானால் ஆறு பேருக்கும் பரிசு" என்றும் சொல்லுங்கள். முதல் குழுவில் சீட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்பவர்களை எண்ணுங்கள், எல்லா வயதிலும் இருப்பார்கள். பிறகு இரு குழுவுக்கும் விதியை இடம் மாற்றி, புதுப் புகார் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். இந்த இரண்டாம் சுற்றை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஆள் காரணமா விதி காரணமா என்று சொல்லவே முடியாது.

இதில் பெரும்பாலும் கெடுவது முதல் நிமிடம். பதவியில் பெரியவர் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் அவர் கருத்துக்குப் பின்னால் நின்றுவிடுவார்கள். அதனால் முதல் 3 நிமிடம் யாரும் பேசாமல் எழுதட்டும். பிறகு சர்வீஸ் குறைந்தவர் முதலில் படிக்கட்டும். பார்வையாளராக ஒருவரை உட்கார வைத்து, யார் பேச்சு வெட்டப்பட்டது, யார் சொன்ன சரியான தகவல் காதில் விழாமல் போனது என்ற இரண்டை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். பத்து விஷயம் கொடுத்தால் ஒன்றையும் ஒழுங்காகக் குறிக்க மாட்டார்.

கிளிப் கட்டாயம் வேண்டும் என்றால் அந்த 5-5 வாக்கெடுப்பைப் போடுங்கள். எந்தப் பக்கம் மூத்தவர்கள், எந்தப் பக்கம் இளையவர்கள் என்று எழுதச் சொல்லி, தாளை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு விடையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டாஸ்க் எழுதுபவர்களும் எடிட் மேசைக்காரர்களும்