தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி பஸ் கேட்டு மூன்றாவது மனு

மதிப்பிற்குரிய உதவி மாவட்ட அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக மலாய் மொழியில் இரண்டு மனு கொடுத்தோம். முதல் மனுவுக்கு முத்திரை குத்தித் தந்தார்கள். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. போன ஆடித் திருவிழாவுக்கு வந்து எங்கள் மண்டபத்தில் சாப்பிட்டவர் நீங்கள். ஊர் தெரியும் என்பதால் இம்முறை தமிழிலேயே எழுதுகிறோம்.

1. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி கல்யாண வயது 18. 16 முடிந்த பெண் என்றால் மந்திரி புசாரின் (மாநில முதலமைச்சரின்) அனுமதி வேண்டும். அதனால் இந்தியக் கிராமத் தலைவரும் கோயில் கமிட்டியும் கூடிப் பேசி, இரு தரப்பு அடையாளக் கார்டையும் பார்க்காமல் தேதி தருவதில்லை என்று முடிவு செய்தோம். இரண்டு கல்யாணம் நின்றது. ஒரு வீட்டார் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

2. நின்றதில் ஒன்று நான்கே மாதத்தில் வேறு தோட்டத்துக் கோயிலில் நடந்துவிட்டது. தாலி மட்டும்தான், பதிவு இல்லை. பெண்ணுக்கு 16. இப்போது கையில் குழந்தை. பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவில்லாத கல்யாணம் என்பதால், அப்பா பெயர் போட அவனும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அவன் கிள்ளானில் லாரி ஓட்டுகிறான், போனை எடுப்பதில்லை.

3. அந்தப் பிள்ளை படிப்பை ஏன் விட்டாள்? பஸ் இல்லாமல்தான் ஐயா. இடைநிலைப்பள்ளி டவுனில், 17 கிலோமீட்டர். தோட்டத்து பஸ் நின்று ஒன்றரை வருடம். வேனுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்). ஒருவருக்குத்தான் கட்ட முடியும் என்றால் பையனுக்குக் கட்டுகிறார்கள். பெண்பிள்ளைகள் சப்பாத்தை (பள்ளிக் காலணியை) பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, சிலிப்பரோடு செம்மண்ணில் நடந்து, காலை 5.15க்கு செம்பனை லாரி திரும்பும் சந்தியில் நிற்கிறார்கள். அங்கே விளக்கு கிடையாது. போத்தல் தண்ணீரில் காலைக் கழுவிச் சப்பாத்து மாட்டும்போது, ஏறிக்கொள் என்று எவனாவது மோட்டார் சைக்கிளை நிறுத்துவான். அதைக் கேள்விப்பட்ட அம்மா மறுநாள் அனுப்புவாளா? அந்தப் பிள்ளை ஒரு மாதம் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. சும்மா வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவார்கள்.

4. அதிகாரிகள் வந்து, தாலியான் காசே (அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி) 15999 என்று அச்சடித்த நோட்டீஸ் இரண்டு கட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்லது, கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நோட்டீஸில் ஏறிப் பள்ளிக்குப் போக முடியுமா? இளவயதுத் திருமணத்தைத் தடுக்க 2020இல் அரசாங்கம் வெளியிட்ட தேசியத் திட்டத்திலேயே, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாததும் ஒரு காரணம் என்று இருக்கிறது. நாங்களாகச் சொல்லவில்லை.

5. பஸ் வேண்டும். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை.

மேல் லயத்தில் (தோட்ட வீட்டு வரிசையில்) இன்னும் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இருக்கிறார்கள். ஒருத்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், தை பிறந்ததும் வருகிறோம் என்று சொல்லி. எங்களால் தேதியைத்தான் நிறுத்த முடிகிறது. தைக்குள் பஸ் விடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தோட்ட மக்கள் சார்பில் கோயில் கமிட்டியினர்

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், 63 கையெழுத்துகள்